ஆணியில் தொங்கிய எட்டு ஜாக்கெட்டுகள்

சென்ற மாதம், நான் முன்பு வேலை பார்த்த களஞ்சியப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மோட்டார் சைக்கிளில் போகும் ஊழியர்களுக்குப் புதிதாக மேற்சட்டை தைக்கப் போகிறார்களாம். பழைய மாதிரியில் தோள், கை, இடுப்பு என்று சில இடங்களில் மட்டும் தோல் வைத்திருப்பது ஏன், அக்குளுக்குக் கீழே துளைகள் ஏன், கட்டைவிரலில் மாட்ட ஒரு பட்டி ஏன் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் காலத்துக் கோப்பைக் கறையான் அரித்துவிட்டதாம். கேட்டதற்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதி அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிப் பகுதி, யுத்த காலம். தொலைபேசியில் பேசினால் யாரோ கேட்கிறார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே துறைமுகம், கோட்டை, இரத்மலானை விமானத்தளம், மட்டக்குளி எண்ணெய்க் கிடங்கு என்று முத்திரையிட்ட உறைகளைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். நாங்கள் ஒன்பது பேர். நான் கொட்டாஞ்சேனைக்காரன். அப்பா துறைமுகத்தில் சுமை எண்ணும் வேலை செய்தவர். நான் ஒரு மோட்டார்க் கராஜில் வேலை பழகி, ஆறு மாதத்தில் ஓட்டவும் கழற்றிப் பூட்டவும் கற்றுக்கொண்டு, இருபத்தாறாவது வயதில் இந்த வேலையில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் என்னை மூத்த ஓட்டியாக்கினார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் யார் எங்கே போவது என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது.

கந்தோர் என்று நாங்கள் சொல்லும் எங்கள் அலுவலகம் புதுக்கடை நீதிமன்றங்களுக்குக் கீழே இறங்கும் தெருவில் இருந்தது. மேலதிகாரி திரு. நமசிவாயம். வெள்ளவத்தையில் குடியிருந்த யாழ்ப்பாணத்து மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. எந்த வெயிலிலும் அந்தக் கோட்டின் முதுகில் ஈரம் பட்டு நான் கண்டதில்லை. குரலை உயர்த்தமாட்டார். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“எங்க பார்த்தனீர்?”

கேள்விப்பட்டது, நினைத்தது, இருக்கலாம் என்பது எல்லாம் அவரிடம் செல்லாது. கண்ணால் பார்த்திருந்தால் சொல்லலாம். பார்க்காவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும்.

எங்களுக்கு இங்கிலாந்திலிருந்து தோல் ஜாக்கெட்டுகள் வந்திருந்தன. தடித்த மாட்டுத்தோல், உள்ளே கம்பளித் துணி. பனி பெய்யும் நாட்டில் ஓட்டுகிறவனுக்காகத் தைத்தவை. பொத்தான்களைக் கழுத்துவரை போடாமல் எவனும் வாசல் படலையைத் தாண்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. காலை ஏழு மணிக்கு நமசிவாயம் படலையில் வந்து நிற்பார். எங்களைத் தொடமாட்டார். கீழ்ப் பொத்தானிலிருந்து மேல்வரை விரலை நீட்டி மனத்துக்குள் எண்ணிவிட்டுத் தலையை அசைப்பார். அசைத்தால்தான் எஞ்சினை உதைக்கலாம்.

சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் அந்த ஜாக்கெட்டுக்குள் இருப்பது எப்படி என்று போட்டவனுக்குத்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்வரை பரவாயில்லை. மாட்டுவண்டி வரிசைக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில், நடுவில் நாங்கள். வியர்வை முதுகால் இறங்கிக் காற்சட்டையை நனைத்துச் சப்பாத்துக்குள் போகும். கொஞ்ச நேரத்தில் வியர்வை நின்றுவிடும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

பியசேன இரத்மலானையிலிருந்து திரும்பி வந்தபோது அப்படித்தான் ஆனது. கல்கிசையில் நேரான றோட்டில், எதிரே ஒரு வாகனமும் இல்லாத இடத்தில், மோட்டார் சைக்கிள் தானாக விலகிப்போய் மதகில் மோதியது. பார்த்தவர்கள் ஓடிவந்து தூக்கியபோது உடம்பு அடுப்புக் கல்லாய்ச் சுட்டதாம். தோலில் ஒரு கீறல் இல்லை. ஜாக்கெட் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் மூன்று நாள் அவனுக்கு நினைவு வரவில்லை. வந்தபிறகும் பேச்சுக் குழறிற்று. நான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, எப்போது வேலைக்கு வருவாய் என்று கேட்டபோது, “பே மச்சான், பே” என்று, முடியாது முடியாது எனத் தன் மொழியில் சொல்லி அழுதான்.

அடுத்த நாள் நான் ஒரு வேலை செய்தேன். கந்தோரிலிருந்து இரண்டாவது வளைவில் ஒரு தேத்தண்ணிக் கடை. நீதிமன்றத்துப் புரக்டர்மாரின், அதாவது வழக்கறிஞர்களின், கிளாக்கர்கள் வந்து சாப்பிடும் கடை. அதன் பின்சுவரில் வரிசையாக ஆணிகள் இருந்தன. ஓட்டிகளிடம் சொன்னேன்: “படலையில சேர் பார்க்கட்டும். இங்க வந்ததும் கழட்டி ஆணியில கொழுவுங்க. திரும்பி வரேக்க போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போங்க. பியசேனவுக்கு வந்தது இன்னொருத்தனுக்கு வரக் கூடாது.”

பியசேன போக, என்னோடு சேர்த்து எட்டுப் பேருக்கும் எட்டு ஆணி. எவரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவன் மட்டும் தயங்கினான். ராஜரத்தினம், கிருலப்பனைப் பையன், இருபத்துமூன்று வயது. எங்களுள் ஆகப் பிந்திச் சேர்ந்தவன்.

“அண்ணை, விழுந்தால்?” என்றான்.

“பார்த்து ஓடினா ஏன் விழப்போற?” என்றேன்.

மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. சட்டையோடு ஓடுவது சுகமாக இருந்தது. நான் செய்தது சரி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று நான் மட்டக்குளியில் ஓர் உறையைக் கொடுத்துவிட்டுக் கிராண்ட்பாஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. டிராம் தண்டவாளத்துக்கு அருகே ஆட்கள் கூடி நின்றார்கள். விலக்கிப் போனால் ராஜரத்தினம் றோட்டில் உட்கார்ந்திருந்தான். ஈரத் தண்டவாளத்தில் முன்சில்லு வழுக்கி, இடதுபக்கமாக விழுந்து, தாரில் பதினைந்து யார், அதாவது பதினைந்து கஜ தூரம், தேய்ந்து போயிருக்கிறான். சட்டையின் இடதுகை முழுவதும் இல்லை. தோள்மூட்டிலிருந்து மணிக்கட்டுவரை தோலும் இல்லை. தார்க்கல்லும் மண்ணும் சதைக்குள் ஏறியிருந்தன. அவன் கத்தவில்லை. கையைத் தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும், “அண்ணை, உறை பத்திரமாக் கிடக்கு” என்றான்.

ஒரு லொறியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே எடுத்துக்கொண்டு போன பிறகு, வழியில் எங்களைக் கண்டு கூடவே வந்த இன்னோர் ஓட்டி என் காதருகே சொன்னான்: “ஜாக்கெட் கடையிலதானே தொங்குது? எடுத்து றோட்டில நாலு தரம் தேய்ச்சு மோட்டார் சைக்கிளோட போட்டுடுவம். இல்லாட்டி இவன் உத்தரவை மீறினவன் எண்டு வேலையும் போகும்.”

நான் கடைக்குப் போனேன். இன்னும் ஒருவரும் கந்தோருக்குத் திரும்பாததால், என்னுடையதோடு எட்டு ஜாக்கெட்டும் தொங்கின. ராஜரத்தினத்தினுடையது கடைசி ஆணி. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைக்காரர் இரண்டு தரம் என்ன வேண்டும் என்று கேட்டார். வெளியே வந்து றோட்டோரத்தில் குனிந்து, ஜாக்கெட்டின் கையை ஒரு தரம் கல்லில் வைத்து இழுத்தேன். தோலில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அவன் கையில் பார்த்தது கண்ணுக்குள் வந்தது. அதற்குமேல் இழுக்க என்னால் முடியவில்லை.

அப்படியே கந்தோருக்குக் கொண்டுபோய் நமசிவாயத்தின் மேசையில் வைத்தேன்.

“ராஜரத்தினம் விழுந்திட்டான் சேர். இதைப் போடாமல் போனவன். கழட்டச் சொன்னது நான்.”

அவர் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துப் பேனாவை மூடினார்.

“எத்தினை நாளா?”

“பியசேன விழுந்த அடுத்த நாளில இருந்து.”

“எல்லாருமோ?”

“ஓம் சேர். எல்லாரும். நான்தான் சொன்னனான்.”

ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். கையில் விழுந்திருந்த வெள்ளைக் கீறலில் விரல் நின்றது. “இது?”

“நான் தேய்ச்சது. போட்டிருந்தான் எண்டு காட்ட. பிறகு விட்டுட்டன்.”

“அதையும் சேர்த்து எழுதும்” என்றார். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். நான் எழுதி முடிக்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு எழுந்து, வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தான் இருந்த கதிரையின் முதுகில் மாட்டினார். பனியனோடு அவரை நான் கண்டது அன்றுதான் முதல்முறை. ராஜரத்தினத்தின் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக் கழுத்துவரை பொத்தானைப் பூட்டினார்.

“உம்மட ஜாக்கெட்டையும் எடுத்துப் போடும். இரத்மலானைக்குப் போய் வருவம்.”

மணி பன்னிரண்டு. அவர் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று காலி வீதியால் போனோம். அவருடைய வீட்டு ஒழுங்கையைத் தாண்டும்போது திரும்பக்கூட இல்லை. தெகிவளைப் பாலத்தில் லொறிகள் நெருக்கி, கால்மணி நேரம் வெயிலில் நின்றோம். நிழலுக்கு ஒதுங்கவா என்று கேட்டேன். “பியசேன ஒதுங்கினவனோ?” என்றார். திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்திருந்த கை தளர்வதை உணர்ந்தேன். நிறுத்தவா என்று கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, கண் மூடித் திறந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அவருடைய கையைப் பிடித்து என் இடுப்போடு சேர்த்துக்கொண்டு, மற்றக் கையால் ஓட்டி வந்தேன். ஐம்பது வயது மனிதர். இவரையும் நான்தான் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன்.

கந்தோரில் இறக்கிப் பொத்தானைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றினோம். வெகுநேரம் கழித்துப் பேசினார்.

“நீர் செய்தது பிழை. இந்த உத்தரவும் பிழை. ஒரு பிழைக்கு இன்னொரு பிழை மருந்தில்லை. வெயிலுக்கையும் போடக்கூடிய, விழுந்தாலும் தாங்கக்கூடிய ஒண்டு வேணும். பதினாலு நாள் தாறன். கண்டுபிடியும். அதுவரைக்கும் ஒருத்தரும் மணிக்கு இருபது மைலுக்கு மேல ஓடக் கூடாது.”

கொட்டாஞ்சேனையில் ஹனிபா மாஸ்டர் என்றொரு தையற்காரர் இருந்தார். கப்பற்பாயும் சேணமும் தைத்துப் பழகிய கை. ஜாக்கெட்டை அவரிடம் கொண்டுபோனேன். உள்பக்கத்தைத் திருப்பிக் கம்பளியைத் தொட்டவுடன் கையை எடுத்துவிட்டார்.

“என்ன தம்பி இது, மனிசன் போடவா, சோறு அவிக்கவா?”

முதலில் துணி தேடினோம். மெழுகு பூசிய துணியில் தைத்ததை நானே போட்டு ஓடினேன். மழைக்கு நல்லது. வெயிலில் தோலைவிட மோசம், காற்றே புகாது. சணல் சாக்கு காற்றை விட்டது. ஆனால் மண் நிரப்பி லொறிக்குப் பின்னால் கட்டித் தாரில் இழுத்தபோது நாலு யாரில் பிய்ந்துபோயிற்று. வெள்ளவத்தை நெசவாலை ஒன்றில் தடித்த டிரில் துணி நெய்தார்கள். ஒரு மடிப்பு பத்து யாருக்குத் தாங்கியது, இரண்டு மடிப்பு இருபது யாருக்கு. ஆனால் உடம்பு முழுவதும் இரண்டு மடிப்பு வைத்தால் மறுபடியும் சூடு. எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு? அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றோம்.

நமசிவாயத்திடம் போய், முதுகில் தோல் வைக்கலாம், அங்கேதான் அடிபடும் என்று நினைக்கிறேன் என்றேன்.

“எங்க பார்த்தனீர்?”

வெளியே வந்தேன். அன்று மத்தியானம் ஓட்டிகளைக் கூப்பிட்டு, “ஆரார் எப்ப விழுந்தனீங்க? சட்டையைக் கழட்டுங்க” என்றேன். ஹனிபா மாஸ்டர் ஒரு பழைய டிரில் சட்டையைப் பலகையில் விரித்துவைத்து வெண்கட்டியோடு நின்றார். ஒருவனுக்கு முழங்கையில் வடு. அதே இடத்தில் சட்டையில் ஒரு கோடு. அடுத்தவனுக்குத் தோளின் வெளிமுனை. அடுத்தவனுக்கு முழங்கைக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல். என்னுடைய இரண்டு வடுவும் முன்கையில். முடிந்தபோது சட்டையின் தோளும் கைகளின் வெளிப்பக்கமும் இடுப்பும் வெள்ளையாகிப் போயிருந்தன. அக்குளுக்குக் கீழேயும் விலாவிலும் ஒரு கோடுகூட இல்லை. முதுகின் நடுவில் ஒன்றே ஒன்று, அதுவும் சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்தபோது பட்டது.

ஹனிபா மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இந்த வெள்ள விழுந்த எடத்துல மட்டும் தோல் போதும். மத்த எடத்த காத்துக்கு விட்டுடுவம்.”

ஏழு பேரின் வடுக்கள்தான் அதில் இருந்தன. எட்டாவது ஆள் ஆஸ்பத்திரியில். அந்தச் சட்டையையும் வெண்கட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அதுவரை இரண்டு தரம்தான் போயிருந்தேன். இரண்டு தரமும் கட்டில் ஓரத்தில் ராஜரத்தினத்தின் அக்கா இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள். முதல் நாள் வராந்தாவில் என்னை நிறுத்தி, “ஜாக்கெட் போட்டுக்கொண்டுதானே போனவன்? போட்டும் ஏன் இப்பிடி?” என்று கேட்டாள். டொக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். டொக்டர் கூப்பிடவில்லை.

இந்தத் தடவை புண்ணில் சீழ் வைத்திருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. இன்னும் இரண்டு நாளில் குறையாவிட்டால் தோளோடு கையை எடுக்கவேண்டி வரும் என்று தாதி மெல்லச் சொன்னாள். ராஜரத்தினம் கண்ணைத் திறந்து என் கையில் இருந்த சட்டையைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“கீறுங்கோ அண்ணை” என்றான்.

கட்டுக்கு மேலே எங்கெங்கே காயம் என்று தாதி காட்டக் காட்ட, நான் சட்டையின் இடதுகையில் வெண்கட்டியால் தீற்றினேன். தோளிலிருந்து தொடங்கி மணிக்கட்டுவரை ஒரே வெள்ளையாயிற்று. வெண்கட்டி என் விரலுக்குள் முறிந்தது.

“என்னத்துக்கு இது?” என்று அக்கா கேட்டாள்.

“புதுசா ஒரு ஜாக்கெட் தைக்கிறம். ஆக்கள் கழட்டாமப் போடக்கூடியது.”

“ஏன், பழசை ஆக்கள் கழட்டினவையோ?”

நான் ராஜரத்தினத்தைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடியிருந்தான். “சூடு கூடத்தானே” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் முதல் ஜாக்கெட் முடிந்தது. காக்கி டிரில். தோள், முழங்கை, முன்கை, இடுப்பில் மெல்லிய ஆட்டுத்தோல், அதன் கீழே இரண்டு மடிப்புத் துணி. அக்குளுக்குக் கீழே பித்தளை வளையம் போட்ட பன்னிரண்டு துளைகள். ஓடும்போது கழுத்தால் நுழையும் காற்று அந்தத் துளைகளால் வெளியே போகும். மத்தியானத்தில் மூன்று நாள் போட்டு ஓடிப் பார்த்தேன். வியர்த்தது, ஆனால் காய்ந்தது.

பதினாலாம் நாள் மேலிடத்துத் துரை வந்தார். யுத்தத்துக்கு முன் தானும் பந்தயங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவராம். மட்டக்குளிப் பக்கம் ஆளில்லாத தார் றோட்டில் மண் நிரப்பிய ஜாக்கெட்டை லொறிக்குப் பின்னால் இழுத்துக் காட்டினோம். அவர் குனிந்து பார்த்தார். மண்மூட்டை மனிதன் அல்ல, அதற்கு மூட்டுகள் இல்லை, அது கையை ஊன்றாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். தோல் உத்தரவு அப்படியே இருக்கட்டும் என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

நான் நமசிவாயத்திடம் போனேன். “சேர், நான் விழுந்து காட்டுறன்.”

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

“எத்தினை மைல் வேகத்தில?”

“இருபது.”

“ராஜரத்தினம் என்ன வேகத்தில விழுந்தவன்?”

“முப்பது இருக்கும்.”

“அப்ப இருபதில விழுந்து என்னத்தைக் காட்டப் போறீர்?”

“முப்பது” என்றேன். அவர் போய்த் துரையிடம் பேசினார். துரை காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். நமசிவாயம் திரும்பி வந்து என் முன்னால் நின்று, கீழ்ப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பூட்டினார். எந்த நாளும் தொடாத மனிதர். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. கழுத்துப் பொத்தான் இரண்டு தரம் நழுவி, மூன்றாம் தரம்தான் பூட்டுப்பட்டது.

“வேணாம் எண்டால் இப்ப சொல்லும்” என்றார் தணிந்த குரலில்.

“இல்லை சேர்.”

இருநூறு யார் தள்ளிப்போய்த் திரும்பினேன். வேகமானியின் முள் இருபத்தைந்து, முப்பது. துரையின் வெள்ளைச் சப்பாத்து தெரிந்தது. நமசிவாயம் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். விழவேண்டும் என்று நினைத்த இடம் வந்தது. கை கேட்கவில்லை. உடம்பு விழமாட்டேன் என்றது. அந்த இடம் கடந்துபோயிற்று. அப்போது ராஜரத்தினம் தன் கையைப் பார்த்துக்கொண்டு றோட்டில் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. பின்பிரேக்கை மிதித்து இடதுபக்கம் சாய்த்தேன்.

தார் தோளில் இடித்தது. பிறகு சத்தம்தான். துணி தேயும் சத்தமும் இரும்பு தேயும் சத்தமும் ஒன்றாய்க் காதுக்குள் வந்தன. முழங்கையில் சூடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. இப்போது கிழியும், இப்போது கிழியும் என்று நினைத்தேன். வானம் ஒரு தரம் கீழே வந்து மேலே போயிற்று. நின்றுவிட்டேன்.

ஓடிவந்த முதல் ஆள் துரைதான். அசையாதே என்றார். நான் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். ஜாக்கெட்டின் தோளில் வைத்த தோல் வெளுத்து மயிரெழும்பியிருந்தது, கிழியவில்லை. முழங்கையில் தையல் இரண்டு அங்குலம் விட்டிருந்தது. உள்மடிப்புத் துணி தாங்கியிருந்தது. கீழே என் முழங்கை சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மணிக்கட்டிலிருந்து இரத்தம் சொட்டியது. விழும்போது ஜாக்கெட்டின் கை மேலே ஏறிச் சுருண்டு, மணிக்கட்டில் நாலு அங்குலம் தோல் போயிருந்தது.

என் மனதில் முதலில் வந்தது அதை மறைக்க வேண்டும் என்பதுதான். மற்றக் கையால் பொத்தினேன். நமசிவாயம் குனிந்து அந்தக் கையை எடுத்துவிட்டார்.

“மறைக்காதேயும். இதைத்தானே பார்க்க வந்தனாங்கள்” என்றார். நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். துரையிடமும் காட்டினார். துரை பார்த்துவிட்டு, கை மேலே ஏறாமல் கட்டைவிரலில் மாட்ட ஒரு பட்டி வை, நூலை மெழுகு பூசிய நூலாக மாற்று என்று சொல்லி, அங்கேயே காரின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். அன்று பின்னேரம்தான் என் காறை எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. எலும்பை எந்தச் சட்டையும் காக்காது என்பதையும் நமசிவாயம் எழுதிக்கொண்டார்.

அவர் என் வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டிருப்பார் என்று ஓட்டிகள் நினைத்தார்கள். அவர் அப்படிப்பட்ட மனிதர் அல்ல. புதிய ஜாக்கெட்டின் அறிக்கையும் என் வாக்குமூலமும் ஒரே உறையில் மேலிடத்துக்குப் போயின. ராஜரத்தினம் மூத்த ஓட்டியின் சொல்லைக் கேட்டு நடந்தவன் என்று முடிவாகி அவனுடைய வேலை தப்பியது. எனக்கு மூத்த ஓட்டி என்ற பதவி போயிற்று. மறுபடி ஓட்டவும் விடவில்லை. களஞ்சியத்தில் உடுப்புப் பரிசோதகனாகப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு ஜாக்கெட்டின் முழங்கைத் தையலையும் என் கையால் இழுத்துப் பார்த்துத்தான் முத்திரை குத்தினேன். அவற்றைப் போட்டு எத்தனையோ பேர் விழுந்தார்கள். வெயில் என்று கழற்றிவிட்டு விழுந்தவன் என்று ஒருவனைப் பற்றியும் நான் கேள்விப்படவில்லை.

ராஜரத்தினத்தின் கையை எடுக்கவில்லை. காய்ச்சல் குறைந்தது. ஆனால் முழங்கை பாதிதான் மடங்கும். பின்னாளில் அவனும் களஞ்சியத்துக்கே வந்தான்.

நான் விழுந்து காட்டிய மூன்றாவது நாள், கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதிய ஜாக்கெட்டைக் கட்டிலில் விரித்துக் காட்டினேன். ராஜரத்தினம் தோல் வைத்த இடத்தை நல்ல கையால் தடவிப் பார்த்தான். அக்கா முக்காலியில் இருந்தபடி என்னுடைய கைக்கட்டைப் பார்த்தாள், ஜாக்கெட்டின் வெளுத்த தோளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

“அக்கா, அண்டைக்கு இவன் ஜாக்கெட் போடேல்லை. கழட்டச் சொன்னது நான்தான். விழுந்தால் எண்டு கேட்டவன். நான்தான் கேக்கேல்லை.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள். “அவன் முதல் நாளே எனக்குச் சொல்லிப்போட்டான். நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்.”

ராஜரத்தினம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் எழுந்து, தான் இருந்த முக்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, அவனுக்குக் கஞ்சி வாங்கக் கீழே போனாள்.